ஒருசந்தியும் நாலு மணியும்

எங்கள் கோயில் பங்கில் ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்து நாற்பது நாளும் ஒருசந்தி இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் எழுபதைத் தாண்டிய ஒரு கன்னியாஸ்திரி. இன்னொருத்தி நான். ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒரு வேளை மட்டும் வயிறாரச் சாப்பிடுவது. விபூதி புதன், பெரிய வெள்ளி என்று இரண்டு நாள் இருந்தால் போதும் என்றுதான் கோயிலில் சொல்வார்கள். நான் நாற்பதையும் இருந்தேன். அதுவும் போதாமல் வருஷம் முழுக்க வெள்ளிக்கிழமை, மாதாவுக்கென்று சனிக்கிழமை எனச் சேர்த்துக்கொண்டே போனேன்.

என் எடை நூற்று இரண்டு கிலோ.

இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்துப் பார்ப்பது என்று ஊருக்குத் தெரியவில்லை. "தண்ணி குடிச்சாக்கூட ஊதுற ஒடம்பு, பாவம்" என்று அவர்களே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். நானும் அதை மறுக்கவில்லை. பொய்யை நான் சொல்லவில்லை, அவர்கள்தானே சொன்னார்கள் என்று ஒரு நியாயம் வைத்திருந்தேன்.

2008 தபசு காலத்தில் எங்கள் தெருப் பெண்கள் ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் எதை விட்டு ஒறுத்தல் செய்கிறார்களோ, சர்க்கரையோ பிஸ்கெட்டோ வெல்லமோ, அதை ஒதுக்கிவைத்து, பாஸ்கா, அதாவது ஈஸ்டர் அன்று முதியோர் இல்லத்துக்குக் கொடுப்பது. எல்லாவற்றையும் சேர்த்துவைக்க ஒரு வீடு வேண்டும்.

"ஒங்க வூட்ல வெச்சாதாங்க பத்திரம். எங்க வூட்ல புள்ளைங்க கைய வெச்சிரும்" என்று சொல்லி, ஒரு சாக்கைக் கொண்டுவந்து என் பின்னறையில் வைத்துவிட்டுப் போனார்கள். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தார்கள், அதுவும் ஒருசந்தி இருக்கும் பூனையை.

இரண்டாவது வாரமே சாக்கில் பாதி காலி. நான்தான் தின்றேன். பயத்தில் ஊர் முழுக்க ஓடி, தின்றதைவிட அதிகமாகவே வாங்கிப் போட்டேன். சனிக்கிழமை வந்து பார்த்தவர்கள், சாக்கு எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருக்கிறதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களும் சேத்துப் போட்டீங்களா? ஒங்களுக்கு எப்பவும் பெரிய மனசு" என்றார்கள். அன்று பூசையில் நான் தலை நிமிரவில்லை. அதையும் பக்தி என்றே எடுத்துக்கொண்டார்கள்.

எனக்குப் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க் வேலை, கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில். கணவர் கம்மாபுரம் பக்கம் சுரங்க வேலையில் சூப்பர்வைசர். அவர் வீடு வந்துசேர ஏழு மணி ஆகும். ஒரே மகள் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விடும். நாலரைக்கு வீட்டுப் பூட்டைத் திறப்பேன். அதிலிருந்து ஏழு வரை அந்த வீட்டில் நான் மட்டும். அதற்கு மனசுக்குள் நான் வைத்திருந்த பெயர் 'நாலு மணி'.

வரும் வழியில் மூன்று கடையில் ஏறி இறங்குவேன். ஒரு கடையில் பன், ஒரு கடையில் மிச்சர், ஒரு கடையில் பிஸ்கெட். ஒரே கடையில் வாங்கினால் கடைக்காரருக்குத் தெரிந்துவிடுமே! பன் கடைக்காரர் ஒருநாள், "என்னா மேடம், இன்னிக்கும் விருந்தாளியா?" என்று கேட்டார். அடுத்த நாளிலிருந்து கடையை மாற்றினேன்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படியில் நின்றுகொண்டே ஆரம்பிப்பேன். ஆறிப்போன சோறு, முந்தின நாள் மீன்குழம்பு, பிறகு பன், பிறகு மிச்சர், அதுவும் தீர்ந்தால் தேங்காயும் சர்க்கரையும். ஒருநாள் வறுக்காத சேமியாவைக் கடித்துக்கொண்டு நின்றேன். ருசி பார்த்ததாக ஞாபகமே இல்லை. ரசித்துச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பொறாமைதான். வயிறு வலிக்கும், மூச்சு முட்டும், அப்படியும் கை நிற்காது. காது மட்டும் வாசல் கேட்டிலேயே இருக்கும். முடிந்த பிறகு கவர்களை மடித்துக் கைப்பைக்குள் திணிப்பேன். மறுநாள் அவை பள்ளிக்கூடக் குப்பைத்தொட்டிக்குப் போகும். சட்டியில் குறைந்த சோற்றுக்குப் புதிதாக உலை வைப்பேன். அவர் வந்து, "சாப்ட்டியா?" என்பார். "ஒருசந்திதானே மாமா" என்பேன். அவர் உச்சுக் கொட்டிக்கொண்டு செருப்பைக் கழற்றுவார். அந்தச் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் என்மேல் எனக்கு அப்படி ஒரு வெறுப்பு வரும்.

மாதம் ஒருமுறை சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவேன். "போசனப்பிரியம், சாமி" என்பேன். ஞானோபதேச வகுப்பில் படித்த தலையான பாவங்களில் ஒன்று அது. அந்த ஒரு வார்த்தைக்குள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிடலாம். சாமியார் என்ன நினைத்திருப்பார்? மீன் ஒரு துண்டு கூடுதலாகத் தின்றிருப்பாள் என்றுதான். "ஒரு வெள்ளிக்கிழமை ஒருசந்தி இரும்மா" என்று அபராதம் கொடுப்பார். இருப்பேன். பட்டினி கிடந்த நாளில்தான் நாலு மணி இன்னும் மோசமாக இருக்கும். அதற்காக மறுபடி சங்கீர்த்தனம், மறுபடி ஒருசந்தி. செக்குமாடு மாதிரி வருஷக்கணக்கில் சுற்றினேன். அவர்மேல் குற்றமில்லை. நான் சொன்னது அவ்வளவுதான்.

2009 தொடக்கத்தில் மாதவிலக்கு நிற்காமல் போக ஆரம்பித்தது. பத்து நாள், பதினைந்து நாள். மாடிப்படி ஏறினால் கண் இருட்டும். கடலூரில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, கர்ப்பப்பையில் சாத்துக்குடி அளவு கட்டி என்று சொல்லிச் சிதம்பரத்துக்கு அனுப்பினார்கள். அங்கே கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று முடிவானது. ஆனால் மயக்க டாக்டர் என் எடையைப் பார்த்தார், சுகர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், கழுத்தைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார்.

"எட்டுக் கிலோ கொறைங்க. இந்த டயட் சார்ட்டுப்படி சாப்புடுங்க. மூணு மாசம் டைம்."

"கொறையலன்னா சார்?"

"இந்த எடைக்கு, இந்த ரத்த அளவுக்கு, மயக்கம் குடுக்குறது எனக்கே பயமா இருக்கு. டேபிள்ல ஏதாவது ஆயிட்டா..." என்று நிறுத்திக்கொண்டார்.

குறைக்காவிட்டால் ஆபரேஷன் இல்லை. ஆபரேஷன் இல்லாவிட்டால் இருக்கிற ரத்தமும் போய்விடும். பஸ்ஸில் திரும்பும்போது மகள் முகம்தான் கண்ணில் நின்றது. பி.முட்லூர் தாண்டுவதற்குள் மாதாவுக்கு ஒரு நேர்ச்சை செய்துவிட்டேன்: இந்தத் தபசு காலம் நாற்பது நாளும் பகலில் வெறும் தண்ணீர், ராத்திரி ஒரு கிண்ணம் கஞ்சி; எடையும் குறையட்டும், ஆபரேஷனும் நல்லபடி முடியட்டும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

நாற்பதில் இருபது நாள் ஆனபோது மறுபடி எடை பார்த்தார்கள். நூற்று ஐந்து.

"சார்ட்டைப் படிச்சீங்களா, இல்ல மடிச்சு பீரோவுல வெச்சீங்களா?" என்று மயக்க டாக்டர் கேட்டார். என் கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பட்டினி கெடக்குறா சார். நான் கண்ணால பாக்குறேன்." டாக்டர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு சீட்டு எழுதி, மாடியில் ஒரு டாக்டரைப் பார்க்கச் சொன்னார். மேலே போய் போர்டைப் படித்தால் மனநலப் பிரிவு.

"கட்டி வயித்துலதானே இருக்கு? இவுங்க ஏன் தலைக்கு அனுப்புறாங்க?" என்றார் கணவர். அவருக்குப் புரியாதது எனக்குப் புரிந்துவிட்டது.

அந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். கணவரை வெளியே உட்காரச் சொன்னார். எவ்வளவு சாப்பிடுவீர்கள் என்று கேட்பார், ரெண்டு இட்லி என்று சொல்லலாம் என்று தயாராக இருந்தேன். அவர் அதைக் கேட்கவேயில்லை.

"சாப்ட்டுட்டு இருக்கும்போது வாசல்ல சத்தம் கேட்டா என்ன செய்வீங்க?"

கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன்.

"கவரையெல்லாம் எங்க போடுவீங்க?"

"யாரு சொன்னா ஒங்களுக்கு?" என்று கத்திவிட்டேன். "எங்க தெருவுல யாராவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லலம்மா. அந்த நாற்காலில ஒக்காந்து இதே மாதிரி நெறைய பேரு கோவப்பட்டிருக்காங்க."

நெறைய பேரு. அந்த இரண்டு வார்த்தையில் எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்தப் பூமியில் நான் ஒருத்திதான் இப்படி என்று அதுவரை நம்பியிருந்தேன். மூக்கைச் சிந்திக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சாக்கைப் பற்றியும் சொன்னேன்.

"வாந்தி எடுப்பீங்களா?"

"இல்ல."

"வாரத்துல எத்தன நாள் இப்படி ஆவுது?"

"எத்தன நாள் ஆவலன்னு கேளுங்க."

இதற்குப் பெயர் இருக்கிறது, பிஞ்ச் ஈட்டிங் என்று சொல்வோம், இது வியாதி, திமிரோ பேராசையோ இல்லை என்றார். உடம்பு பெருத்தவர்கள் எல்லோருக்கும் இது இருக்காது, ஆனால் இருக்கிறவர்களிடம் கேட்காமல் சார்ட் கொடுத்தால் ஒன்றும் நடக்காது என்றார். மூன்று வேளைச் சாப்பாடு. பதினோரு மணிக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று. நாலு மணிச் சாப்பாட்டைப் பள்ளிக்கூடத்திலேயே, தட்டில் வைத்து, நாலு பேர் நடுவில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். தின்றது என்ன, அதற்கு முன்னால் மனசில் என்ன இருந்தது என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். வீட்டில் ஒருவருக்காவது சொல்ல வேண்டும்.

"எல்லாத்துக்கும் மொதல்ல, பட்டினிய நிறுத்தணும். அதுதான் இதைக் கெளப்பி விடுது."

"அய்யோ டாக்டர், நான் மாதாவுக்கு நேர்ந்துட்டேன்! பாதியில விட்டா டேபிள்லயே என்னை எடுத்துக்குவாங்க."

அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. "அது எனக்குத் தெரியாதும்மா. ஒங்க ஃபாதர்கிட்ட கேளுங்க. ஆனா முழுசா சொல்லிட்டுக் கேளுங்க."

கீழே வந்ததும், "என்னா சொன்னாங்க?" என்று கணவர் கேட்டார். "கவலையில கொஞ்சம் ஜாஸ்தி சாப்புடுறேனாம்" என்றேன். கால்வாசிதான் சொன்னேன். "நீயா?" என்று கேட்டுவிட்டு, அந்த டாக்டருக்கு அனுபவம் போதாது என்று சொல்லிக்கொண்டே பஸ் ஏறினார்.

நேர்ச்சையை வைத்துக்கொள்வதா, விடுவதா? வைத்துக்கொண்டால் நாலு மணி வரும், எடை ஏறும், ஆபரேஷன் கிடையாது. விட்டால் மாதா கோபம். அந்த வாரம் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. சனிக்கிழமை சாமியாரிடம் போய் போசனப்பிரியம் என்ற வார்த்தையையே சொல்லாமல், மூன்று கடை, சேமியா, குப்பைத்தொட்டி, சாக்கு என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் இருமிப் பார்த்தார்கள். இவ்வளவு நேரம் அப்படி என்ன பாவம் செய்திருப்பாள் என்று யோசித்திருப்பார்கள்.

சாமியார், "இத்தன வருஷமா நான் ஒங்களுக்கு ஒருசந்தியையே குடுத்துக்கிட்டு இருந்திருக்கேனேம்மா" என்றார். பிறகு, "நேர்ச்சைய மாத்திக் குடுக்குறேன். தெனம் நாலு மணிக்கு ஒக்காந்து சாப்புடுங்க. அதான் அபராதம்" என்றார்.

கொடுமையான அபராதம் அது. தபசு காலத்தில், ஆபீஸ் மேஜையில் டப்பாவைத் திறந்து, எல்லோர் எதிரிலும் சுண்டல் சாப்பிடுவது. "என்னாங்க, ஒருசந்தி விட்டாச்சா?" என்று தமிழ் டீச்சர் கேட்டபோது காது சுட்டது. பேர் போய்விட்டதே என்ற வருத்தம் உண்மையாகவே இருந்தது. நோட்டில் முதல் இரண்டு வாரம் பொய்தான் எழுதினேன். டாக்டர் படித்துவிட்டு, "இவ்ளோ அழகா யாருமே சாப்புட மாட்டாங்கம்மா" என்று திருப்பிக் கொடுத்தார். மூன்றாவது வாரம் உண்மையை எழுதினேன். எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, எனக்கு நாலு மணி வருவது பெரும்பாலும் பசியால் இல்லை. ஹெட்மாஸ்டர் கத்திய நாளிலும், ரத்தம் அதிகம் போன நாளிலும், பூட்டைத் திறந்ததும் வீடு வெறிச்சென்று இருந்த நாளிலும்தான்.

ஆடி மாசத்துக்குள் வாரம் முழுக்க இருந்த நாலு மணி வாரத்துக்கு ஒரு நாள் என்று குறைந்தது. எடை ஐந்து கிலோ இறங்கியது. எட்டு இல்லை. ஆனால் ரத்தப்போக்கு அதற்குமேல் பொறுக்காது என்று, இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி, ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். ரத்தம் கொடுத்தது கணவரோடு வேலை பார்ப்பவர்கள். மகள் காலேஜுக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். தெருப் பெண்கள் முந்தின நாள் சிதம்பரம் வரை வந்து, "முடிஞ்சதும் சாப்புடுங்க" என்று பன், பழம், பிஸ்கெட் எல்லாம் கட்டில் பக்கத்து ஸ்டாண்டில் வைத்துவிட்டுப் போனார்கள்.

அன்று சாயந்திரம் மயக்க டாக்டர் வந்து, ராத்திரி பத்து மணிக்குமேல் ஒரு வாய் தண்ணீர்கூடக் கூடாது என்று சொன்னார். "வயித்துல எதாச்சும் இருந்தா மயக்கத்துல மேல ஏறி மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். உயிருக்கே ஆபத்து. வெளையாட்டு இல்ல." தலையாட்டினேன். மறுபடி ஒரு பட்டினி. மாடி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கும் தோன்றவில்லை, அவர்களுக்கும் தோன்றவில்லை.

காலை ஆறு மணிக்குக் கணவர் டீ குடிக்கப் போனார். மகள் கீழே மருந்துச் சீட்டோடு வரிசையில் நின்றாள். நான் ஸ்டாண்டில் இருந்த பன் பையை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டேன். குழாயைத் திறந்துவிட்டேன், சத்தம் கேட்காமல் இருக்க. ஆறு பன், இரண்டு பழம், பிஸ்கெட் பாதி. வெளியே வந்து படுத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டேன். எட்டு மணிக்கு நர்ஸ், "ஒண்ணும் சாப்டலல்ல?" என்றார். "இல்ல சிஸ்டர்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்த வாய்க்கு அப்படிப் பழக்கம்.

அதற்குப் பிறகு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு மணிக்குத் தின்றது பத்துக்குள் செரிக்காதா? பன்தானே, காற்று மாதிரிதானே? சொன்னால் ஆபரேஷன் நின்றுவிடும். ரத்தம் கொடுத்தவர்கள், லீவு போட்ட மகள், பட்டினி கிடக்கிறாள் என்று எனக்காகச் சண்டை போட்ட மனுஷன், எல்லோருக்கும் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால்? ஜெபம் சொல்ல முயன்றேன், பாதியில் மறந்து மறந்து போனது. பத்து மணிக்கு ஸ்டிரெச்சர் வந்தது. தியேட்டர் வாசல்வரை கணவர் கூடவே நடந்து வந்தார்.

மயக்க டாக்டர் வாசலிலேயே குனிந்து வழக்கமான கேள்விகளைக் கேட்டார். கட்டுப்பல் இருக்கா? நகை இருக்கா? "காலையில எதாச்சும் சாப்ட்டீங்களா?"

கணவர்தான் முந்திக்கொண்டு சொன்னார். "இல்ல சார். பட்டினி அவளுக்குப் பழக்கம்தான்."

"சாப்டேன்" என்றேன்.

"டீயா?"

"ஆறு பன். ரெண்டு வாழப்பழம். பிஸ்கெட்டு."

"யாரு குடுத்தா?"

"யாரும் குடுக்கல. நான்தான் ஒளிஞ்சு தின்னேன். ரொம்ப வருஷமா இப்படித்தான் தின்னுக்கிட்டு இருக்கேன்." இதை டாக்டரைப் பார்த்துச் சொல்லவில்லை. கணவரைப் பார்த்துச் சொன்னேன்.

டாக்டர் முகக்கவசத்தை இறக்கிவிட்டுக்கொண்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "சொன்னீங்களே" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஸ்டிரெச்சரைத் திருப்பச் சொன்னார். கணவர் அதே இடத்தில் நின்றுவிட்டார். வார்டுக்கு வந்துசேர அவருக்கு ஒரு மணி நேரம் ஆனது. எங்கே போயிருந்தார் என்று நான் இதுவரை கேட்டதில்லை.

நாலு நாள் கழித்து மறுபடி தேதி வைத்தார்கள். இந்தத் தடவை மாடி டாக்டரே வந்து என்னோடும் கணவரோடும் சேர்த்துப் பேசினார். முதல் கேஸாக எடுத்துக்கொள்ளுங்கள், காலையில் ஒரு நிமிஷம்கூட நோயாளியைத் தனியாக விடாதீர்கள் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். விடிவதற்கு முன்பே கணவர் ஸ்டூலை இழுத்து என் எதிரில் போட்டு உட்கார்ந்துகொண்டார். டீ குடிக்கப் போகவில்லை. ஸ்டாண்ட் காலியாக இருந்தது. இத்தனை வருஷத்தில் "சாப்ட்டியா" என்று தினமும் கேட்ட மனுஷன், அன்றைக்கு வேறு மாதிரி கேட்டார்.

"பசிக்குதா?"

வழக்கம்போல ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன்.

"பசிக்கல மாமா. பயமாருக்கு" என்றேன்.